கீதாரியின் கண்ணும் என் நாலு சீசாவும்

கிடையை விட்டுக் கிளம்பி அரை மைல் வந்திருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே! நில்லுலே!"

திரும்பிப் பார்த்தேன். கரிசல் காட்டின் நடுவே கீதாரி வந்துகொண்டிருந்தார். புதூர்ப் பக்கத்துக் காடுகளில் அவருடைய ஆடுகளைத்தான் நான் நாலு மாசமாக மேய்த்துவந்தேன். பகலில் மேய்ச்சல், இருட்டினால் யாராவது ஒரு சம்சாரியின் நிலத்தில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுவது. சண்டை ஒன்றும் இல்லை. நாலு மாசத்துக்கு மேல் எந்த இடமும் எனக்குக் கசந்துவிடும், அவ்வளவுதான். அன்று காலையில் கம்பை அவருடைய மச்சான் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

திரும்பக் கூட்டிப்போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஓடியிருந்தால் அவரால் பிடித்திருக்க முடியாது. சித்திரை மாசத்துக் கரிசல், கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கண் தெரிகிறவனே கணுக்காலைத் திருப்பிக்கொள்வான். அவர் ஒவ்வொரு வெடிப்பையும் கம்பால் தட்டித் தட்டி, தாண்டித் தாண்டி வந்தார். வலது கண் சோழி மாதிரி வெளுத்துப்போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது சிவந்தபோது எவனோ ஒருவன் பச்சிலைப் பால் பிழிந்துவிட்டிருக்கிறான். மூன்றே நாளில் கருவிழி வெந்து வெள்ளையாகிவிட்டதாம். மிச்சமிருந்த இடது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருந்தது. ஆட்டின் காதைத் தடவி, வெட்டு அடையாளத்தை விரலால் பார்த்துத்தான் தன்னுடையதா பிறத்தியாருடையதா என்று சொல்வார். போன மாசம் பக்கத்துக் கிடையின் ஒன்பது ஆடுகளைத் தன்னுடையது என்று ஓட்டிவந்து, ஊர் நடுவே வைத்து ஏச்சு வாங்கியிருந்தார். அதிலிருந்து ஆள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

கிட்டே வந்ததும் மூச்சு வாங்கக் கேட்டார்.

"எங்கலே போற?"

"கோவில்பட்டிக்கு அண்ணாச்சி."

"அங்கன என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஏதாவது வேலை பாக்கணும்."

"அப்ப நானும் வாரேன். அங்கன நாளைக்குக் கண்ணு முகாம் போடுதாவ. என்னக் கொண்டு சேத்துட்டு நீ எங்கனயும் போ."

வேலையை விட்டு ஓடியவனை முதலாளியே துரத்திவந்து கையைப் பிடித்துக்கொண்ட கதை எனக்கு மட்டும்தான் நடந்திருக்கும். கம்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்தார். பஸ் வரும் ரோட்டுக்கு நாலைந்து மைல் நடந்தோம்.

வழியில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த மனுஷன் நாலு மாசத்தில் ஒரு பீடிகூட எனக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. அன்றைக்கு முதல் ஊர் வந்ததும் ஒரு வீட்டு வாசலில் நின்று மோர் கேட்டார். சொம்பு நிறைய வந்தது. தான் ஒரு வாய்கூடக் குடிக்காமல் முழுவதையும் என்னிடம் நீட்டினார். அடுத்த ஊரில் பதநீர். பஸ் ஸ்டாண்டில் நுங்கு. கோவில்பட்டியில் இறங்கினதும் ஒரு கலர் சோடா.

"போதும் அண்ணாச்சி, வயிறு பானை மாதிரி ஆயிட்டு."

"குடிலே. வெயில்ல வாரவன், நல்லாக் குடிக்க வேண்டாமா?"

"நீங்களும் குடிக்கலாம்லா?"

"எனக்குக் காலு வீங்குதுல்ல. நீ குடி."

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். மாதா கோயில்காரர்களும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் சிலரும் சேர்ந்து நடத்தினார்கள். ஒருவர் இடம் கொடுத்தார், ஒருவர் சாப்பாடு போட்டார். சுற்று வட்டாரத்துக் கண் மங்கினவர்கள் எல்லாரும் அன்றைக்கே வந்து வராந்தாவில் இடம் பிடித்திருந்தார்கள். சாம்பார் சாதம் கிடைத்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வரிசை. பேர் எழுதிக்கொண்டு, ஆளுக்கொரு சின்னச் சீசா கொடுத்தார்கள். ஊசிமருந்து வந்த காலிச் சீசா, அதில் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் எழுதியிருந்தது. கொல்லைப்புறத்தில் ஓலைத் தட்டி மறைப்பு. அதற்குள் போய் நீர் பிடித்துக்கொண்டு வந்து மேஜையில் வைக்க வேண்டும். மேஜைக்குப் பின்னால் ஒரு நர்சம்மா. கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். தெளிவாக இருந்தால் ஒரு முத்திரை. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துத் திரிந்தால் சீட்டில் சிவப்பு மையில் எழுதுவார்.

கீதாரி என்னை அந்த ஓலை மறைப்பின் ஓரத்துக்கு இழுத்தார்.

"ஏலே, போன வருசம் நான் விளாத்திகுளம் முகாமுக்குப் போயிருந்தேன். இந்தச் சோதனையிலதான் என்னக் கழிச்சு விட்டுட்டாவ. எனக்குக் கிட்னி கெட்டிருக்காம். நீருல சத்துப் போவுதாம். ஆப்பரேசன் கிடையாதுன்னு ரெண்டே வார்த்தை, அனுப்பிட்டாவ."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

சீசாவை என் கையில் வைத்து அழுத்தினார். மோரும் பதநீரும் நுங்கும் கலர் சோடாவும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

"இதுக்குத்தானா அண்ணாச்சி?"

"உன் உடம்பு நல்ல உடம்புலே. நாலு மாசமாப் பாத்துருக்கேன்லா. கல்லத் தின்னாலும் செமிக்கும்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். வெளியே வந்தால் ஒரு பாட்டையா நிற்கிறார். பேச்சைக் கேட்டுவிட்டார் போல.

"தம்பி, எனக்கும் கொஞ்சம்."

"உங்களுக்கும் கிட்னியா?"

"அதெல்லாம் தெரியாது. எதுக்கு வம்பு? உன்னோடது தேறும்னு சொல்லுதாவள்லா."

அவருக்குப் பின்னால் ஓட்டப்பிடாரத்துக்காரர் ஒருவர், அவருக்குப் பின்னால் மணியாச்சி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். ரயில்வேக்காரர் எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். ஆக நாலு சீசா. நாலும் முத்திரை வாங்கின. நான் எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தும் தேறாதவன். அன்றைக்கு ஒரே காலையில் நாலு பேரைத் தேற்றிவிட்டேன்.

தேறினவர்களை உள்ளே ஒரு வகுப்பறையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இமை முடி வெட்டுவது, கண்ணில் சொட்டு விடுவது எல்லாம் அங்கே நடந்தது. அதே நர்சம்மா ஒரு தட்டில் மாத்திரையும் டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்தார். முதலில் உட்கார்ந்திருந்த கிழவி கேட்டாள்.

"இது எதுக்கும்மா? கண்ணுக்கு வயித்துல மாத்திரையா?"

"ஆமா பாட்டி. கண்ணுக்குள்ள நீரு அழுத்தமா இருக்கும். அதக் குறைச்சாத்தான் டாக்டர் கத்தி வைக்க முடியும். இந்த மாத்திரை நீரையெல்லாம் எறக்கி வெளிய தள்ளிரும்."

"எல்லாருக்கும் இதானா?"

"கிட்னி கெட்டவங்களுக்குக் குடுக்க மாட்டோம். அவங்களுக்கு இது ஆகாது. உடம்புல விஷம் மாதிரி தங்கிரும். மயக்கம் போட்டு, உசுருக்கே மோசமாப் போயிரும். அதுக்குத்தானே காலைல நீரு சோதிச்சோம்."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சில் கீதாரி நாலாவது ஆள். அவரும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. கிழவி முழுங்கினாள். அடுத்தவர் முழுங்கினார். என்னிடம் வாங்கின பாட்டையா முழுங்கினார். கீதாரி உள்ளங்கையை நீட்டினார். மாத்திரையை வாங்கினார். மற்றவர்கள் மாதிரி உடனே வாயில் போடவில்லை. ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் டம்ளரைத் தேடிக் கையைத் துழாவினார்.

சொன்னால் அவருடைய கண் போய்விடும். இந்த வருஷமும் கழித்துவிடுவார்கள். அடுத்த வருஷம் வரை அந்தக் கண் தாங்காது. சொல்லாவிட்டால் ஆளே போய்விடலாம். நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கால் தன்னால் போனது. அவர் கையைத் தட்டிவிட்டேன். மாத்திரை எங்கோ உருண்டது. தண்ணீர் நர்சம்மாவின் சேலையில் கொட்டியது.

"என்னப்பா இது?"

"அவரு நீரு இல்லம்மா அது. என்னோடது."

கீதாரி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"படுபாவி. எங் கண்ணப் பிடுங்கிட்டியேலே."

நாலு மாசத்தில் அவர் என்னை எவ்வளவோ ஏசியிருக்கிறார். எதுவும் ஒட்டினதில்லை. இது ஒட்டியது.

நர்சம்மா குனிந்து அவருடைய கணுக்காலில் கட்டை விரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "காலையிலயே இதப் பாத்திருக்கணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேற யாருக்குக் குடுத்த?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ரயில்வேக்காரர் கையைத் தூக்கிவிட்டார். பாட்டையாவும் ஓட்டப்பிடாரத்துக்காரரும் மேலே கூரையைப் பார்த்தார்கள்.

மூவரையும் மறுபடி தட்டி மறைப்புக்கு அனுப்பினார்கள், இந்தத் தடவை காவலோடு. மூன்றும் தெளிவு. அவரவர் சொந்தமே தேறுவதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. பாட்டையா என்னை முறைத்தார், நான் ஏமாற்றி விற்றுவிட்ட மாதிரி.

டாக்டர் வந்தார். மதுரைக்காரர், நாற்பது வயதிருக்கும். நடந்ததைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"கழிச்சுவிடுறதுக்கா பெரியவரே டெஸ்ட் எடுக்கிறோம்? பள்ளிக்கூடப் பரீட்சையா இது? யாருக்கு எந்த மருந்து ஆகாதுன்னு தெரிய வேணாமா?"

"போன வருசம் கழிச்சுட்டாவளே ஐயா."

"அவங்ககிட்டக் கூடாரமும் ரெண்டு நாளும்தான் இருந்திருக்கும். பயந்திருப்பாங்க. எங்களுக்கு இங்க ஊருக்குள்ள சின்ன ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டு வாரம் படுப்பீங்களா?"

"ரெண்டு வாரமா? ஆடு?"

"ஆட்டைப் பாக்கத்தானே கண்ணு கேக்குறீங்க?"

டார்ச் அடித்து, ஒரு கண்ணாடியை வைத்து இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"புரை எடுக்கிறது பெரிய காரியம் இல்ல. முன்னால இருக்கிற கருவிழிதான் யோசனையா இருக்கு. கண்ணு காஞ்சிருக்கு. ரெண்டு ஓரத்துலயும் சுண்ணாம்பு படிஞ்சிருக்கு."

"நான் வெத்தலை போடுறத நிறுத்தி ஆறு மாசமாச்சே. வாய்ல போட்ட சுண்ணாம்பு கண்ணுக்கு எப்படி ஐயா போவும்?"

"அது வெத்தலைச் சுண்ணாம்பு இல்ல. கிட்னி கெட்டா அது பாட்டுக்கு வந்து படியும். இன்னொன்னும் சொல்றேன், கேட்டுக்கங்க. கருவிழிக்குப் பின்னால நீர் தேங்காம எறைச்சிக்கிட்டே இருக்கிற அணுக்கள் இருக்கு. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு அதுக சோந்து போயிருக்கும். ஆபரேஷன்ல இன்னும் கொஞ்சம் சாகும். மிச்சம் இருக்கிறது எறைச்சு முடிச்சாத்தான் பார்வை."

கீதாரி கொஞ்சம் யோசித்தார். "கெணத்துல தண்ணி எறைக்கிற கமலைக்கு ஒத்தை மாடு மட்டும் நிக்கி. அதானே?"

"அதேதான்."

"ஒத்தை மாடு மெதுவா எறைக்கும். எறைக்காமப் போவாது. நீங்க செய்யுங்க ஐயா."

துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்த இடத்திலும் நிற்காத நான் இரண்டு வாரம் ஒரு கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தேன்.

முதல் ஐந்து நாள் உடம்பைத் தேற்றினார்கள். அளந்துதான் தண்ணீர். உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லா ரசம். முதல் இரண்டு நாள் கீதாரி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார்.

"ஏலே, ஒரே ஒரு கல்லு உப்பு. யாருக்குந் தெரியாம."

"இனிமே உங்களுக்கு எதும் கடத்த மாட்டேன் அண்ணாச்சி."

"மாட்டேன்னா போ. உன் நீரு மட்டும் குடுப்ப, உப்பு குடுக்க மாட்ட."

இதைக் கேட்டு அடுத்த கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் நர்சம்மா ஓடிவந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பகை இல்லை.

ஆறாம் நாள் ஆபரேஷன். முடிந்து கட்டுப்போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்தார்கள். அசையக் கூடாது, இருமக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது. தையல் இழுத்துக்கொள்ளுமாம். நாலு மாசத்தில் ஒரு நாளும் சிரித்து நான் பார்த்திராத மனுஷன், சிரிக்கக் கூடாது என்றதும் எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்து தவித்தார். நான் தொண்டையைச் செருமினாலே, "பேசாம இருலே, சிரிப்பு வருது" என்பார். கஞ்சி ஊட்டும்போது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஊட்டினேன். என் முகம் அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் ஒரு தடித்த கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"பனி."

சித்திரை மாசம், ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது. நானும் அவர் கண்ணை எட்டிப் பார்த்தேன். கருவிழி முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடந்தது. டாக்டர் முகம் மாறவில்லை. நீர் கோத்திருக்கிறது, காத்திருக்க வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு சொட்டு மருந்து மட்டும் எழுதினார், மணிக்கு ஒரு தடவை.

நர்சம்மா விட்ட முதல் சொட்டு விழுந்ததும் கீதாரி துள்ளினார்.

"எரியுதும்மா! என்ன மருந்து இது?"

"உப்புத் தண்ணி பெரியவரே. நல்லாக் கெட்டியான உப்புத் தண்ணி. கருவிழில இருக்க நீர இது உறிஞ்சி எடுக்கும்."

கீதாரிக்கு நம்ப முடியவில்லை. "வாய்க்கு ஒரு கல்லு தர மாட்டேன்னுட்டு, கண்ணுல கொண்டாந்து ஊத்துதீங்களே!"

"ஏக்கம் தீந்துச்சா?"

"கண்ணுக்கு ருசி தெரியாதேம்மா."

முதல் நாள் பனி அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் பனி. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொட்டு விடும்போது எரிச்சலுக்குக்கூட முனகவில்லை. எனக்குப் பொழுது போகவில்லை. ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். சோதனைச் சீசாக்களை வெந்நீரில் போட்டு எடுத்தேன். கையைச் சும்மா வைத்துக்கொண்டு அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நர்சம்மா மேஜையில் வைத்திருந்த அந்தத் தடித்த கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டியிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

"ஏலே, தள்ளி நில்லு. நீ மறைக்கிற."

தள்ளி நின்றேன். என்ன சொல்லிவிட்டார் என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது. டீ என் கால்மேல் கொட்டியது.

வெளியே எதிர்ச் சுவரில் ஒரு ஆடு முன்னங்காலை ஊன்றி நின்று சினிமா போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. கீதாரி கழுத்தை நீட்டி அதையே பார்த்தார். அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும்.

"அது ஆடா, கன்னுக்குட்டியாலே?"

"ஆடுதான் அண்ணாச்சி."

"என்னா தண்டி இருக்கு!" கொஞ்ச நேரம் பார்த்தார். "கொடி ஆடு. வெள்ளையில கறுப்பு தெளிச்சிருக்கு. நம்ம பக்கத்து ஆடு. இங்கன எப்படிலே வந்துது?" இன்னும் கொஞ்சம் பார்த்தார். "சினை. ரெண்டு மாசம்."

காதைத் தொடாமல் சொன்னார். நர்சம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன். டாக்டரும் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். நடுவில் தெளிந்துவிட்டது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல், அதுவும் போய்விடும் என்றார். கீதாரி தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினார். டம்ளருக்கு அரை அடி முன்னாலேயே விரல்கள் மூடிக்கொண்டன. மறுபடி நீட்டி, மறுபடி தவறினார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை.

பிறகு என்னை இழுத்து முகத்தை நெருங்கிப் பார்த்தார்.

"நீதானாலே அது? மீசை கீசையோட பெரிய ஆளாக்கும்னுல்ல நெனச்சிருந்தேன். இவ்வளவுதானா?"

நாலு நாள் கழித்து, நர்சம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு கீதாரி கிளம்பினார். கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, மாசம் ஒரு தடவை வந்து கிட்னிக்கும் கண்ணுக்கும் காட்ட வேண்டும். அவருடைய கிட்னி கடைசிவரை சரியாகவில்லை. அந்தக் கண் கடைசிவரை இருந்தது. பஸ் ஸ்டாண்டில் கம்பை நீட்டினேன். வேண்டாம் என்றார்.

"கிடைக்கு வாரியாலே?"

"நாலு மாசம் ஆயிட்டே அண்ணாச்சி."

"உன் இஷ்டம். வழியில மோர் குடிச்சுக்கோ." பஸ்ஸில் ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியே ஸ்டாண்டில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே போனார்.

படுக்க வேறு இடம் இல்லாததால் ஆஸ்பத்திரிக்கே திரும்பினேன். மறுநாள் காலையில் வேன் ஒன்று மணியாச்சிப் பக்கம் ஒரு முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நர்சம்மா சீசாப் பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

"சும்மாதானே நிக்க? ஏறு. தட்டி மறைப்புப் பக்கம் ஒரு ஆள் வேணும். ஒருத்தர் சீசாவ இன்னொருத்தர் வாங்காமப் பாத்துக்கணும்."

"நானா?"

"உன்ன விட்டா அந்தத் தொழில் யாருக்குத் தெரியும்?"

ஏறிக்கொண்டேன். பத்து மணிக்கெல்லாம் ஓலைத் தட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். முதலில் வந்தவர் ஒரு பெரியவர். சீசாவை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"தம்பி, உனக்கு உடம்பு நல்ல உடம்பா?"